சொந்த ஊர் எது?

சென்ற வாரம் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு வழக்கு விசாரணைக்கு வந்தது. வாதி, பத்து வயதுப் பெண். பிரதிவாதி, அவளுடைய ஆச்சி; வயது எழுபத்தைந்து. நீதிபதி ஸ்தானத்தில் என்னை உட்கார்த்திவிட்டார்கள். மடியில் முருங்கைக் கீரையை ஆய்வதற்குப் போட்டுக்கொண்டிருந்தபடியால் எழுந்து ஓடவும் வழியில்லை.

வழக்கு இதுதான். கோயம்புத்தூரில் படிக்கும் அந்தக் குழந்தைக்குப் பள்ளிக்கூடத்தில் லீவு வேலை கொடுத்திருக்கிறார்கள்: "எங்கள் சொந்த ஊர்" என்ற தலைப்பில் ஒரு பக்கம் எழுதி வர வேண்டும். தாத்தாவின் ஊர் இந்த இரணியல். அப்பா பிறந்து வளர்ந்தது நெய்வேலியில். இவள் பிறந்தது கோயம்புத்தூரில். சித்தப்பா குடியிருப்பதோ ஸ்காட்லாந்து தேசத்தில். "இதிலே எதை எழுத, ஆச்சி?" என்று பேனாவும் நோட்டுமாக வந்து நிற்கிறாள்.

"இதென்ன கேள்வி மக்களே, இரணியல்னு எழுது. ஆயிரம் வருஷத்துப் பழைய ஊராக்கும்!" என்று நான் சட்டென்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

மைனிக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. (மைனி என்றால் என் பெரியப்பா மகனின் சம்சாரம். வடக்கே மதினி, மன்னி என்பதை நாங்கள் மைனி என்போம்.) "ஏன் பிள்ளே, அவ அப்பன் இஞ்ச எத்தனை நாள் இருந்திருக்கான்? கோடை லீவுக்கு வந்துட்டு, கொசு கடிக்குன்னு அழுதவன்தானே! அவனுக்கு ஊர் நெய்வேலிதான். எனக்கும் அதுதான்னு வச்சுக்கோ" என்றாள்.

"நெய்வேலியிலே உனக்கு ஒரு சாண் இடம் உண்டா மைனி?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. மைனி பதில் சொல்லாமல் கீரைக்காம்பை எடுத்து நறுக்கு நறுக்கென்று ஒடிக்க ஆரம்பித்தாள்.

சகோதரிகளே, பழைய ஊர்களைப் பற்றி நம்மிடம் கதைகளுக்குப் பஞ்சமில்லை. இன்ன ராஜா கட்டினார், இன்ன ரிஷி தவம் செய்தார் என்று ஸ்தல புராணம் இருக்கும். ஆனால் ஒரு காகிதத்தில் கோடு போட்டு, "இங்கே வீதி, இங்கே பள்ளிக்கூடம், இங்கே கறிகாய்க் கடை, இங்கே ஜனங்கள்" என்று திட்டம் போட்டுப் பிறப்பித்த ஊர்கள் வேறு வகை. மைனி அப்படிப்பட்ட ஓர் ஊரில் முப்பத்துமூன்று வருஷம் குடித்தனம் செய்தவள். அவளுடைய இளைய பிள்ளை இப்போது குடியிருப்பதும் அப்படிப்பட்ட ஓர் ஊரிலேதான். இந்த இரண்டு ஊர்களுக்கும் ஒரு விசித்திரமான ஒற்றுமை உண்டு. இரண்டையும் நிலக்கரியை நம்பித்தான் கட்டினார்கள். இரண்டிலும் தண்ணீர் வந்து வழி மறித்தது.

முதலில் நம்முடைய ஊரைச் சொல்லிவிடுகிறேன்.

1930-க்குப் பிறகு ஒரு சமயம், தென்னார்க்காடு ஜில்லாவில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தம் நிலத்தில் கிணறு தோண்டினார். தண்ணீரோடு கூடக் கறுப்பாக ஏதோ வந்தது. வேறொருவராக இருந்தால் "சனியன்!" என்று கிணற்றை மூடியிருப்பார். முதலியார் அதை சர்க்கார் பார்வைக்கு அனுப்பினார். அது பழுப்பு நிலக்கரி என்று தெரிந்தது. பிறகு வருஷக்கணக்காகத் துளைபோட்டுப் பார்த்தார்கள். பூமிக்குள் அந்தக் கரி மைல் கணக்கில் பாய் விரித்தாற்போலக் கிடப்பது தெரியவந்தது. சென்னை ராஜ்யத்திலோ வேறு நிலக்கரி கிடையாது. வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ரயிலில் வர வேண்டும். அப்போது முதன் மந்திரியாக இருந்த காமராஜர் இந்தக் காரியத்தில் எவ்வளவு அக்கறை காட்டினார் என்பதை அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

1956 நவம்பர் 14-ம் தேதி நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவாயிற்று. அதற்குப் பதின்மூன்று நாள் முன்னால், நவம்பர் 1-ம் தேதிதான், எங்கள் கன்னியாகுமரி ஜில்லா திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. ஆக, நாங்களும் நெய்வேலியும் ஒரே மாதத்தில் இந்தக் குடும்பத்துக்குள் வந்தவர்கள்! 1957 மே 20-ம் தேதி பிரதமர் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார்.

நெய்வேலிச் சுரங்கம் என்றால் குகைக்குள் விளக்கு வைத்துக்கொண்டு போவது போல நினைத்துவிட வேண்டாம். அது திறந்த வெளிச் சுரங்கம். மேலே கிடக்கும் மண்ணை ஐம்பது மீட்டர் முதல் தொண்ணூறு மீட்டருக்கு மேல்வரை வாரி எறிந்தால்தான் கரி கண்ணில் படும். அதற்காக ஜெர்மனியிலிருந்து பிரம்மாண்டமான யந்திரங்கள் வந்தன. கோயில் தேர்ச் சக்கரத்தைப் போலப் பல மடங்கு பெரிய சக்கரம். அதன் விளிம்பு முழுவதும் வாளிகள். சுழலச் சுழல மண்ணை வாரும். மின்சார நிலையம் அமைக்க ரஷ்யர்கள் உதவினார்கள்.

ஆனால் மண்ணை வாருவது பெரிய சங்கடமில்லை. கரிக்குக் கீழேயும் ஒரு வில்லங்கம் காத்திருந்தது. அங்கே மணல் அடுக்கில் தண்ணீர் அடைபட்டு, மேல்நோக்கி முட்டிக்கொண்டே இருக்கிறது. தண்ணீர் நிரம்பிய ஒரு தோல் பையின்மேல் பத்து மெத்தைகளை அடுக்கி வைத்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மெத்தைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டால் என்ன ஆகும்? பை பொங்கி வெடிக்கும். அப்படித்தான் மேல்மண்ணை எடுக்க எடுக்க, அடித் தண்ணீர் கரியைப் பிளந்துகொண்டு சுரங்கத்தை ஏரியாக்கிவிடும். ஆகவே சுரங்கத்தைச் சுற்றி ஆழமான குழாய்க் கிணறுகளைப் போட்டு, இரவும் பகலும் தண்ணீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. 1961 ஆகஸ்டில் முதன்முதலாகக் கரி வெளியே தெரிந்தது. 1962 மே மாதம் முதல் மின்சாரம் பிறந்தது.

அந்த வருஷத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஸ்காட்லாந்துக்குப் போய் வருவோம்.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்தபோது பிரிட்டனில் வீட்டுப் பஞ்சம் சொல்லி முடியாது. கிளாஸ்கோ நகரத்தில் ஒரே அறையில் தாய், தகப்பன், நாலைந்து குழந்தைகள் என்று வாழ்ந்த குடும்பங்கள் ஏராளம். ஒரே கக்கூஸைப் பல குடும்பங்கள் பங்கு போட்டுக்கொண்டன. (நம் ஒண்டுக்குடித்தனக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.) நெரிசலில் நெருக்கிக் கட்டுவதைவிடப் புதிதாக ஊரையே கட்டிவிடுவது நல்லது என்று 1946-ல் ஒரு சட்டம் செய்தார்கள். அதன்படி ஸ்காட்லாந்தில் ஐந்து புது நகரங்கள் எழுந்தன. 1947-ல் ஈஸ்ட் கில்பிரைடு, 1948-ல் கிளென்ராத்திஸ், 1955-ல் கம்பர்நால்டு, 1962-ல் லிவிங்ஸ்டன், 1966-ல் இர்வின். ஆறாவதாக ஸ்டோன்ஹவுஸ் என்று ஒன்றை 1973-ல் அறிவித்து, சில வீடுகளைக் கட்டிய கையோடு 1976-ல் கைவிட்டுவிட்டார்கள். நிச்சயதார்த்தத்தோடு நின்றுபோன கல்யாணம் மாதிரி.

ஒவ்வோர் ஊருக்கும் ஒரு வளர்ச்சிக் கழகம். நிலத்தை வாங்குவது, ரோடு போடுவது, வீடு கட்டி வாடகைக்கு விடுவது, தொழிற்சாலைகளை அழைத்து வருவது எல்லாம் அதன் பொறுப்பு. ஊரைப் பல பேட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பேட்டைக்கும் நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடம், கடை, குழந்தைகள் விளையாட மைதானம் என்று வகுத்தார்கள். கம்பர்நால்டில் மோட்டார் போகிற வழி வேறு, மனிதர் நடக்கிற வழி வேறு என்று பிரித்தார்கள். கைக்குழந்தையோடு போகும் தாய்மார்கள் ரோட்டைக் கடக்காமலே கடைக்குப் போய் வரலாம். அதே கம்பர்நால்டில் கடைகள், காரியாலயங்கள், வீடுகள் எல்லாவற்றையும் ஒரே பிரம்மாண்டமான கட்டிடத்துக்குள் திணித்து நகர மையம் என்று எழுப்பினார்கள். கட்டியபோது உலகமெல்லாம் வந்து பார்த்துப் புகழ்ந்தது. பிற்காலத்தில் அதையே ஸ்காட்லாந்தின் அவலட்சணமான கட்டிடம் என்று ஏசினார்கள். பெண் பார்க்க வந்தபோது "மஹாலக்ஷ்மி" என்றவர்களே பத்து வருஷம் கழித்து என்ன சொல்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாததா?

மைனியின் பிள்ளை இருப்பது கிளென்ராத்திஸில். வேலை எடின்பரோவில், வாடகை இங்கே குறைச்சல் என்று வந்தவன். ஃபைஃப் என்ற பிரதேசத்தில் உள்ள இந்த ஊரை முக்கியமாக ராத்தஸ் என்ற புதிய நிலக்கரிச் சுரங்கத்தை எண்ணித்தான் திட்டமிட்டார்கள். தலைமுறை தலைமுறையாகக் கரி கிடைக்கும், தொழிலாளர் குடும்பங்களுக்கு வேலையும் வீடும் ஒரே இடத்தில் அமையும் என்பது எண்ணம். ராணி எலிசபெத்தே வந்து சுரங்கத்தைத் திறந்து வைத்தார். ஆனால் அந்தப் பக்கத்தில் பழைய சுரங்கங்களில் வேலை செய்தவர்கள் முன்னாலேயே எச்சரித்திருந்தார்களாம். "ஆழத்தில் போகாதீர்கள், தண்ணீர் விடாது" என்று. படிக்காதவன் சொல்லை யார் கேட்டார்கள்? தண்ணீர் பெருகியது. அதனோடு பாறை அடுக்குகளின் கோளாறும் சேர்ந்துகொண்டது. எவ்வளவு போராடியும் பயனில்லை. 1962-ல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள்.

நெய்வேலியில் முதல் விளக்கு எரிந்த அதே 1962!

ஒரே வருஷத்தில் ஒரு சுரங்கம் தண்ணீரை ஜெயித்தது. இன்னொன்று தண்ணீரில் தோற்றது. தோற்ற சுரங்கத்தின் ஊர் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். காரணம் போய்விட்டது, வீடுகள் பாதி எழும்பி நிற்கின்றன, ஜனங்கள் வந்து இறங்கிவிட்டார்கள். கலைத்துவிட்டுப் போங்கள் என்று சொல்ல முடியுமா? வளர்ச்சிக் கழகத்தார் மனம் தளரவில்லை. கரி இல்லாவிட்டால் வேறு தொழில் என்று, அப்போதுதான் தலைதூக்கிய மின்னணுப் பொருள் தொழிற்சாலைகளை வரவழைத்தார்கள். அவற்றில் பெண்களுக்கும் நிறைய வேலை கிடைத்தது. ஊர் பிழைத்தது. 2011 ஜனக்கணக்குப்படி 39,000 பேர் இருந்தார்கள். சுரங்கத்தின் இரண்டு நெடிய கான்கிரீட் கோபுரங்கள் வெகு காலம் சும்மா நின்றுகொண்டிருந்தன. 1993-ல் அவற்றையும் இடித்துவிட்டார்கள்.

இன்னொரு காரியமும் செய்தார்கள். புது ஊர் என்றால் மொட்டையாக இருக்கும். கண்ணுக்கு ஆறுதலாக எதுவும் இராது. ஆகவே 1968-ல் டேவிட் ஹார்டிங் என்ற கலைஞரை "நகரக் கலைஞர்" என்று சம்பளம் கொடுத்து அமர்த்தினார்கள். அவரும் கூட இருந்தவர்களும் அங்கங்கே சிலைகள் செய்து வைத்தார்கள். அதில் குழந்தைகளுக்குப் பிரியமானது கான்கிரீட்டில் செய்த நீர்யானைக் கூட்டம். மைனியின் பிள்ளை தன் குழந்தையை நீர்யானைமேல் ஏற்றிப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறான். மைனி அதைச் செல்போனில் பார்த்துவிட்டு, "எருமைக்கன்னுக்குட்டி மாதிரி இருக்கு. இதுக்குக் கொம்பு வச்சிருந்தா என்ன?" என்று அபிப்பிராயம் சொன்னாள்.

எனக்கு அந்த ஊரில் பிடித்த விஷயம் வேறு. கிளென்ராத்திஸின் பேட்டைகளில் பலவற்றுக்கு, அங்கே முன்பு இருந்த பண்ணைகளின், சிற்றூர்களின் பெயர்களையே வைத்திருக்கிறார்கள். பிட்யூக்கர், காஸ்கிபெரன், டான்ஷால் என்று வாயில் நுழையாத பெயர்கள்தான். இருந்தாலும் உழுத நிலத்தின் பெயர் தெருப் பலகையிலாவது மிஞ்சியது.

நெய்வேலியில் எண்கள். முப்பது வட்டங்கள். "எங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்டால், "பத்தொன்பதாவது வட்டம்" என்பார்கள். கணக்கு வாத்தியார் கட்டிய ஊர் போலத் தோன்றும். ஆனால் மைனியைக் கேட்டால் அந்த எண்களுக்குக் கூட முகமும் மணமும் உண்டு.

மைனி கல்யாணமாகி அங்கே போனது 1972-ல். அப்போது நாகர்கோவிலுக்கு வடக்கேயிருந்து ரயில் கிடையாது. இரணியலிலிருந்து நாகர்கோவில், அங்கிருந்து திருநெல்வேலி வரை பஸ். பிறகு ராத்திரி ரயில். விருத்தாசலத்தில் இறங்கி மறுபடி பஸ். கையில் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு மூட்டை மரச்சீனிக் கிழங்கு, ஒரு பனைவெல்லக் கூடை. "போய் இறங்கினதும் எனக்கு அழுகை வந்துட்டு. நம்ம ஊரிலே எங்க பாத்தாலும் மலை, குளம், தென்னை. அங்க ஒரே சிவப்பு மண்ணு. முந்திரிக்காடு. வீடு எல்லாம் ஒண்ணுபோல. முதல் வாரத்திலே நான் தண்ணி வாங்கப் போய்ட்டுத் திரும்பி அடுத்த வீட்டுக்குள்ளே போயிட்டேன்! அந்த அக்கா தெலுங்கு. நான் பேசுதது அவளுக்குப் புரியல்லே. அவ பேசுதது எனக்குப் புரியல்லே. காப்பி கொடுத்து அனுப்பிச்சா."

அந்தத் தெலுங்கு அக்காவிடம் மைனி கோங்குரா துவையல் கற்றாள். மைனி அவளுக்கு நம் ஊர்ப் புளிக்கறி கற்றுக்கொடுத்தாள். எதிர்வீடு மலையாளம்; பின்வீடு தஞ்சாவூர். கொலு என்றால் நாலு பாஷையில் சுண்டல்! அண்ணனுக்கு ஷிப்டு வேலை. ராத்திரி ஷிப்டு முடிந்து வந்து பகலில் தூங்குவார்; தெருவிலேயே பாதி ஆண்பிள்ளைகள் பகலில் தூங்குகிறவர்கள். ஆகையால் அந்தத் தெருப் பெண்கள் குழந்தைகளை அதட்டுவதுகூடக் கிசுகிசு என்றுதான். "நான் மெதுவாப் பேசப் படிச்சதே அங்கதான்" என்பாள் மைனி. படித்ததை இரணியலுக்கு வந்த பிறகு மறந்துவிட்டாள் என்பது என் தாழ்மையான கருத்து.

அகலமான ரோடு, இரு பக்கமும் நிழல் மரம், வட்டத்துக்கு வட்டம் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. பெண்குழந்தைகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போனார்கள். எங்கள் ஊரில் அந்த நாளில் அப்படி ஒரு பெண் போனால் நாலு தெருவும் எட்டிப் பார்க்கும். பலாப்பழக் காலத்தில் பண்ருட்டிப் பழம் வண்டி வண்டியாக வரும். நாங்கள் இங்கே பலாவைச் சக்கை என்போம். மைனி போன புதிதில் கடைக்காரனிடம் "சக்கை என்ன விலை?" என்று கேட்டாளாம். அவன் "அம்மா, இங்கே சக்கை விற்பதில்லை, பழம்தான் விற்கிறோம்" என்று கோபித்துக்கொண்டானாம்!

இந்த இடத்தில் சற்று நின்று இன்னொரு ஸ்காட்லாந்துக்காரரை நினைக்கத் தோன்றுகிறது. பாட்ரிக் கெடிஸ் என்று பெயர். நகர அமைப்பு நிபுணர். 1914-ல் அவர் இந்தியாவுக்குப் புறப்பட்டபோது, ஊர்களைப் பற்றிய தம் படங்கள், வரைபடங்கள் எல்லாவற்றையும் தனிக் கப்பலில் அனுப்பினார். சென்னைமேல் குண்டு போட்ட அதே எம்டன் கப்பல் அதை நடுக்கடலில் மூழ்கடித்துவிட்டது! நண்பர்கள் அவசர அவசரமாக வேறு படங்களைத் திரட்டி அனுப்ப, 1915 ஜனவரியில் சென்னை செனட் ஹவுஸில் காட்சி நடந்தது. பிறகு அவர் நம் ஊர்கள் பலவற்றைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். அவருடைய கட்சி இது: ஊர் என்பது உயிருள்ளது, வைத்தியன் நாடி பார்க்காமல் கத்தி எடுக்கக் கூடாது, குறுக்கே நெடுக்கே தெருக்களை இடித்து ரோடு போடுவதைவிட, இங்கே ஒரு சுவர், அங்கே ஒரு மூலை என்று கொஞ்சமாகத் திருத்தி, குளத்தைத் தூர்க்காமல் காப்பாற்றிக் கொள்ளலாம். நம் வீட்டுத் துளசி மாடத்தைக்கூட அவர் வியந்து எழுதியிருக்கிறார். ஊரைத் திட்டம் போடுகிறவர்களில் வீட்டு முற்றத்திலிருந்து ஆரம்பித்தவர் இவர் என்பதால் எனக்கு இவரிடம் ஒரு பட்சம்.

கெடிஸ் நெய்வேலியைப் பார்த்திருந்தால் கேட்டிருக்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. "இந்த ஊர் வருவதற்குமுன் இங்கே யார் இருந்தார்கள்?"

இருந்தார்கள். முந்திரி போட்டவர்கள், மணிலாக்கொட்டை விதைத்தவர்கள், ஆடு மேய்த்தவர்கள். சுரங்கத்துக்கும் நகரத்துக்கும் கிராமம் கிராமமாக நிலம் எடுத்தார்கள். சிலர் வேலை பெற்றார்கள். பலர் நஷ்ட ஈட்டை வாங்கிக்கொண்டு தள்ளிக் குடியேறினார்கள். அந்தக் கிராமங்களில் ஒன்றான வில்லுடையான்பட்டின் பெயர் இன்றைக்கும் நிலைத்திருப்பதற்கு அங்கே முருகன் கோயில் இருப்பதே காரணம். பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுத்துக்கொண்டு சுற்று வட்டாரமே வந்து குவியும். நகரத்துக்கு எண் போட்டவர்களால் முருகனுக்கு எண் போட முடியவில்லை பாருங்கள்.

இது பழங்கதையும் அல்ல. சுரங்கம் நகர்ந்துகொண்டே போவது. ஓரிடத்தில் கரி தீர்ந்தால் அடுத்த நிலத்தைக் கேட்கும். 2023 ஜூலையில் வளையமாதேவியில் பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்டுவதற்காக, பயிர் நின்ற வயலிலே மண்வாரும் யந்திரங்கள் இறங்கின. நிலத்தை முன்னாலேயே எடுத்துப் பணமும் கொடுத்தாயிற்று என்று நிர்வாகம் சொன்னது. கொடுத்தது போதாது, அறுவடை வரைக்குமாவது பொறுத்திருக்கக் கூடாதா என்று விவசாயிகள் கேட்டார்கள். போராட்டம் மூண்டது, விஷயம் ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. அன்று டெலிவிஷனில் பச்சைப் பயிரைச் சக்கரம் மடக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த மைனி, எழுந்து போய் டெலிவிஷனை அணைத்துவிட்டாள். "நான் முப்பத்துமூணு வருஷம் எரிச்ச விளக்கு அந்த மண்ணுக்குக் கீழேருந்துதானே வந்தது" என்றாள். சாப்பிடவில்லை. மைனியின் சமையலைக் குறை சொல்கிற எனக்கே அன்று ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

எங்கள் வீடுகளிலும் எரிவது அதே கம்பிகளில் வரும் மின்சாரந்தானே?

2005-ல் அண்ணன் ஓய்வு பெற்றார். நெய்வேலி நகரத்தில் வீடுகள் நிர்வாகத்தைச் சேர்ந்தவை. உத்தியோகம் இருக்கிறவரை வீடு. உத்தியோகம் முடிந்தால் சாவி. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. உள்ளே குடிவைக்கிறபோதே தெரிந்த விஷயந்தான். ஸ்காட்லாந்திலும் முதலில் எல்லோரும் வாடகைக்காரர்கள்தான். 1980-க்குப் பிறகு, குடியிருந்தவர்களே வீட்டை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று சட்டம் வந்து, பலர் வாங்கிக்கொண்டார்கள். 1990-களின் நடுவில் வளர்ச்சிக் கழகங்களையும் கலைத்துவிட்டார்கள், ஊர், ஊராருடையதாயிற்று. நெய்வேலியில் அது நடக்கவில்லை. எப்படி நடக்கும் என்றும் தோன்றவில்லை. வேலைக்கு வருகிற அடுத்தவனுக்கு வீடு வேண்டாமா? ஆகவே அங்கே முப்பது நாற்பது வருஷம் இருந்தவர்கள், முடி நரைத்த பிறகு, சொந்த ஊர் என்று ஒன்றைத் தேடிக்கொண்டு கிளம்புகிறார்கள். சிலர் கொஞ்சம் முன்யோசனையோடு பக்கத்திலேயே, நகரத்துக்கு வெளியே மனை வாங்கி வீடு கட்டிக்கொள்கிறார்கள். 2001-ல் 1,28,000 பேர் இருந்த நகரத்தில் 2011-ல் 1,05,000 பேர்தான் கணக்கில் வந்தார்கள்.

அண்ணனும் மைனியும் சாவி கொடுத்த கதையை மைனி அடிக்கடி சொல்லமாட்டாள். நான்தான் ஒரு தடவை பிடுங்கித் தெரிந்துகொண்டேன். குழாய் எத்தனை, சுவிட்சு எத்தனை, ஜன்னல் கண்ணாடி எத்தனை என்று எண்ணிச் சரிபார்த்து ஒப்புக்கொள்ள ஒருவர் வந்திருக்கிறார். நல்ல மனிதர். எல்லாம் சரியாக இருந்தது. "பின்னாடி ஒரு பலா நிக்குது, அதையும் எழுதிக்கோங்க" என்று மைனி சொன்னாளாம். அவர் காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மரத்துக்குக் கட்டம் இல்லை அம்மா" என்றாராம். மைனி மூத்த பிள்ளை பிறந்த வருஷம் வைத்த மரம் அது.

இரணியலுக்கு வந்து சேர்ந்தார்கள். வந்த இடத்தில் என்ன இருக்கிறது? வேணாட்டு ராஜாக்கள் வாழ்ந்த அரண்மனை இருக்கிறது. அவர்கள் கல்குளத்துக்கு, அதாவது இன்றைய பத்மநாபபுரத்துக்கு, ஜாகை மாற்றிக்கொண்டு போனார்கள். பிறகு அங்கிருந்தும் கிளம்பித் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டார்கள். இங்கே மிஞ்சியது வசந்த மண்டபமும், ஒரே கல்லில் செய்த அந்தக் கட்டிலும். கூரை விழுந்து, செடி முளைத்து, பாம்பு குடியிருந்த அரண்மனையைச் சில வருஷங்களுக்கு முன்பு செப்பனிட முற்பட்டார்கள். ராஜா போன பிறகும் தறிகாரர்கள் தறியை நிறுத்தவில்லை, வியாபாரிகள் கடையை மூடவில்லை. ஊர் ஊராகத்தான் இருந்தது.

இதை எல்லாம் அந்தப் பெண்ணுக்குப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவள் கேட்டாள்: "அப்படீன்னா நெய்வேலியிலே கரி தீர்ந்துட்டா அந்த ஊரும் இப்படி இருக்குமா, இல்லே சித்தப்பா ஊர் மாதிரி இருக்குமா?"

நீதிபதி முழித்தேன். 1962-ல் முதல் விளக்கை ஏற்றிய அந்தப் பழைய மின்சார நிலையத்தை 2020-ல் நிறுத்திவிட்டார்கள். புதிது புதிதாக வேறு நிலையங்கள் வந்திருக்கின்றன, சூரிய வெளிச்சத்திலும் மின்சாரம் எடுக்கிறார்கள். அந்த நிர்வாகத்தின் பெயரும் மாறி, இப்போது நாடு முழுவதும் அதற்கு வேலை. ஆனால் ஊருக்கு என்ன திட்டம் என்று அந்தக் குழந்தை கேட்டால் என் மடியில் கீரைதான் இருக்கிறது. கிளென்ராத்திஸில் கரி நின்றபோது, ஊரைக் காப்பாற்றுவதையே உத்தியோகமாக வைத்துக்கொண்ட ஒரு கழகம் இருந்தது. நெய்வேலியில் சுரங்கமும் ஊரும் ஒரே கைக்குள்.

மைனி அதற்குள் எழுந்து உள்ளே போய்விட்டாள். திரும்பி வரும்போது கையில் செல்போன். நெய்வேலியில் அவள் இருந்த வீட்டில் இப்போது குடியிருக்கும் பெண், தஞ்சாவூர் மாமி மூலமாக நம்பரைத் தெரிந்துகொண்டு, போன வருஷம் அனுப்பிய படமாம். பலா மரத்தில் அடியிலிருந்து காய்த்துத் தொங்குகிறது. அந்தப் பெண்ணும் இரண்டு குழந்தைகளும் மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"இந்தா மக்களே, உன் நோட்டிலே இதை வரஞ்சிரு. பேரை உங்க வாத்தியாரம்மா போட்டுக்கட்டும்" என்றாள் மைனி.

குழந்தை வரைய உட்கார்ந்தாள். பலாப்பழத்துக்கு முள் போடுவதிலேயே அரை மணி போயிற்று. நான் கீரையை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். அண்ணன் எப்போது எழுந்து வந்தாரோ, திண்ணையில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "இல்லே, கிளை இப்படி வரல்லே, கிணத்துப் பக்கமாத்தான் சாஞ்சிருக்கும்" என்று திருத்தம் சொல்லிக்கொண்டிருந்தார்.